மாப்பிள்ளைக்கு எடுத்த வண்டி

வண்டியில் உட்கார்ந்ததும் அவருடைய பாதங்கள் தரையில் முழுதாகப் படியவில்லை. கட்டைவிரல் நுனிகள் மட்டும் மண்டப வாசலின் சிமெண்டுத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, எங்கள் வீட்டு மாப்பிள்ளை போட்டோவுக்குச் சிரித்தார். டேங்க்கின் மேல் சந்தனப் பொட்டு, ஹேண்டில்பாரில் இன்னொரு மாலை. தங்கை பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிரில் நின்று வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மாப்பிள்ளையை அல்ல. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. வெட்கமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வண்டி எடுத்துத் தருவார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, யாரும் தராமல் இருப்பதுமில்லை. எந்த வண்டி என்பதைப் பெண்ணின் அண்ணனோ தம்பியோ முடிவு செய்வான். மாப்பிள்ளையைக் கேட்டால் கூச்சப்பட்டுச் சின்னதாகச் சொல்லிவிடுவார், அப்புறம் ஊரில் நமக்குத்தான் மரியாதை போகும் என்று ஒரு நினைப்பு. நான் ஓசூரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். பத்தொன்பது வயதிலிருந்து பெரிய வண்டிகளாகவே ஓட்டி, இரண்டு முறை விழுந்து எழுந்ததை வீரமென்று சொல்லித் திரிந்தவன். நானூறு சிசி வண்டியாகப் பார்த்து எடுத்தேன். "அந்தப் புள்ளைக்கு இது எதுக்குடா?" என்றார் அப்பா. "நம்ம வூட்டு மாப்பிள்ளை பால் கேன் வண்டியிலயா வருவாரு?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

மாப்பிள்ளைக்கு மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். இருபத்து நான்கு வயது. அதுவரை அவர் ஓட்டியது பால் சொசைட்டிக்குப் போகிற மொபெட் ஒன்றுதான். ஆண்பிள்ளை என்றால் கியர் வண்டியும் ஓட்டத் தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்பது மறுவீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சாயங்காலம் கிளட்சும் கியரும் சொல்லிக் கொடுத்தேன். மொபெட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினால்தான் மேடு ஏறும். அவர் கை அப்படியே பழகியிருந்தது. இந்த வண்டியில் அப்படி முறுக்கியதும் முன்சக்கரம் மண்ணைவிட்டு எழும்பியது. எப்படியோ நிறுத்தி, இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், இத மாத்திச் சின்னதா ஒண்ணு எடுத்துக்க முடியாதுங்களா?"

"என்னங்க மாப்பிள்ளை, பொட்டப்புள்ளைங்களே ஓட்டுது" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி முதல் நாள் விருந்துக்கு இருவரையும் அழைத்தோம். பஸ்ஸில் வருவதாகத் தங்கை போனில் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்ல வர்றதுக்கா வண்டி எடுத்துக் குடுத்தேன்? நம்ம வாசல்ல வந்து நிக்கறத நாலு பேரு பாக்க வேணாமா?" என்றேன். கிளம்பிவிட்டார்கள். வழியில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போயிருக்கிறது. முந்துவதற்காக, பழகிய கை பழகியபடியே முறுக்கியிருக்கிறது. வண்டி போய்ப் புளியமரத்தில் மோதியது. தங்கை வயலில் விழுந்து கையொடிந்து பிழைத்தாள். மாப்பிள்ளை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்று விருந்துக்குச் சமைத்ததை என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அழவில்லை. காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். பட்டறையில் பையன்கள் முதல் வண்டியைப் பற்றிப் பேசினால், "மொதல்ல சின்னது. ரெண்டு வருசம் ஓட்டிப் பழகிட்டுப் பெருசு எடு" என்பேன். அண்ணனுக்கு வயசாயிடுச்சு என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். வண்டியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, அது முறுக்கிய அளவுக்குத்தான் ஓடியது.

நான்கு வருடமாகிறது. தங்கை இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஜவுளிக்கடை வேலைக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். போன மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். "வண்டிய நீயே பாத்து எடுத்துருப்பா, ஒனக்குத்தான் தெரியும்" என்றார் சித்தப்பா, எதுவுமே நடக்காததுபோல. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"அவருக்கு ஓட்டத் தெரியுமான்னு கேளுண்ணா. தனியாக் கூப்புட்டுக் கேளு. எல்லாரு முன்னாடியும் கேட்டா தெரியும்னுதான் சொல்லுவாங்க." அடுத்த துணியை எடுத்து உதறியபடி சொன்னாள்: "அன்னிக்கு இவரு, பயமா இருக்குது, பஸ்லயே போலாம்னாரு. நான்தான் அண்ணன் மனசு சங்கடப்படும்னு சொன்னேன்."

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்து, சித்தப்பா வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கியர் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க மச்சான்" என்றார் உடனே. "யாருமே கேக்கலீங்க."

பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.