‘அங்கன’ என்பதற்கு என்ன கோட்?

செவ்வாய்க்கிழமை காலை என் திரையில் ஒரு கேஸ் ஷீட் வந்து நின்றது. இருபத்தாறு வயதுப் பெண், ஊர் விக்கிரமசிங்கபுரம், கல்யாணமாகி மூன்று வருடம், ‘பிரைமரி இன்ஃபெர்ட்டிலிட்டி’, அதாவது ஒருமுறைகூடக் கருத்தரிக்காத குழந்தையின்மை. வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். எங்கள் மருத்துவமனையில் ரெக்கார்ட்ஸ் பிரிவு சரிபார்த்துக் கோட் போட்டு விட்ட பிறகுதான் கேஸ் ஆபரேஷன் தியேட்டர் பட்டியலில் ஏறும். அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பேரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மெடிக்கல் கோடிங் என்றால் சாஃப்ட்வேர் எழுதும் வேலை என்று எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் இன்றைக்கும் நம்புகிறார்கள். “எம் பையனுக்கு உங்க கம்பெனியில ஒரு வேல பாத்துக் குடுங்க” என்று பயோடேட்டா கொண்டுவந்த அண்ணாச்சியும் உண்டு. நாங்கள் செய்வது வேறு. டாக்டர் எழுதிய நோயை உலகம் முழுவதும் புரிகிற எண்ணாக மாற்றுவது. டாக்டர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது. யூகித்துப் போட்டால் அது கோடிங் இல்லை, ஜோசியம்.

செல்வியின் பழைய பதிவுகளைத் திறந்தேன். பொது மருத்துவப் பிரிவுக்கு அதற்கு முன் பலமுறை வந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் ‘வலி, இடம் குறிப்பிடப்படவில்லை’ என்ற கோட். மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு குறிப்பில் மட்டும், சென்னையிலிருந்து புதிதாக வந்த டியூட்டி டாக்டர், அவள் சொன்ன சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்திருந்தார்: ‘அங்கன நோவுது’. பக்கத்திலேயே, ‘இடம் குறிப்பிடவில்லை’.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த டாக்டர் மேல் குற்றமில்லை. அகராதிப்படி ‘அங்கன’ என்றால் அங்கே, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி கையால் எதையும் காட்டாமல், தலையைக் குனிந்துகொண்டு ‘அங்கன’ என்று சொன்னால், இடத்தைச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அதற்கு மேல் அவள் வாயில் வராது.

மகப்பேறு பிரிவின் குறிப்பையும் பார்த்தேன். ‘உள் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. மயக்கத்தில் பார்க்கலாம்.’ ஏன் ஒத்துழைக்கவில்லை என்று இல்லை.

அதை எழுதிய ஹெலன் டாக்டருக்குக் கொயரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்பினேன். கொயரியில் பதிலை நாமே சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் இவ்வளவுதான் எழுதினேன்: ‘முந்தைய பதிவுகளில் வலி உள்ளது. எந்த இடம், எப்போது என்று தெளிவுபடுத்தவும். நோயாளியின் சொல்: அங்கன.’

பத்து நிமிடத்தில் போன். ஹெலன் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், கோபக்காரர், தங்கமானவர். “ஜெயாக்கா, ஓபியில கூட்டம் நெரியுது. நீங்க என்ன கேள்வி மேல கேள்வியா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். திரையைப் படித்திருக்க வேண்டும். அவரும் நெல்லைக்காரர்தானே. “அந்தப் பிள்ளையோட மாமியார்தான் எல்லாத்துக்கும் பதில் சொன்னாவ. ‘எம் மருமவளுக்குக் கூச்சம், நான் சொல்லுதேன்’னு. பட்டியல்ல ஏத்தாதிய. நாளைக்கு அவளத் தனியா வரச் சொல்லுதேன்.”

மறுநாள் மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு, “அங்கனன்னா எங்கனம்மா?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். செல்வி ரொம்ப நேரம் அழுதிருக்கிறாள். கல்யாணமான நாள் முதல் கணவனோடு சேர முடியவில்லை. சேர முயன்றாலே தாங்க முடியாத வலி. அதை யாரிடமும் சொல்லவில்லை. மில்லில் வேலை பார்க்கும் அவள் கணவனும் வெளியே மூச்சு விடவில்லை. வீட்டிலோ அவனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு தொடங்கியிருந்தது.

டாக்டர் அவளிடம், பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசை தானாக இறுகிக்கொள்கிறது, அது அவள் கையில் இல்லை, இதற்கு வஜைனிஸ்மஸ் என்று பேர், குணமாக்கலாம் என்று விளக்கியிருக்கிறார். செல்வி சொன்ன பதிலைப் பதிவில் அப்படியே எழுதியிருந்தார்: “இதுக்குப் பேரு இருக்கா? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்.” அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கு இரண்டு கோட் உண்டு. மனம் சார்ந்த காரணம் என்று டாக்டர் எழுதினால் F எழுத்து வரிசை. இல்லையென்றால் N எழுத்து வரிசை. நம் வசதிக்கு ஒன்றை எடுக்க முடியாது. மறுபடி கேட்டேன். “தசை இறுக்கம்னு தெளிவா எழுதியிருக்கேன், மனசு காரணம்னு எழுதல” என்றார். N94.2 போட்டேன். லேப்ராஸ்கோப்பி ரத்தானது. கணவனோடு சேரவே முடியாதவளுக்குக் குழந்தையின்மை என்று எப்படிச் சொல்வது? அந்த நோயையும் டாக்டர் பதிவிலிருந்து அடித்தார்.

பிறகு மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, கணவனுக்கும் சேர்த்து ஆலோசனை. அவன் லீவு போட்டுவிட்டு வந்தான், ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாதங்கள் போகப் போகப் பதிவில் ‘வலி குறைவு’ என்று வந்தது, பிறகு ‘வலி இல்லை’ என்றே வந்தது.

கடைசி வருகையின்போது, திருத்திய கேஸ் சுருக்கத்தைக் கொடுக்க டாக்டர் அறைக்குப் போயிருந்தேன். செல்வி மாமியாரை உள்ளே கூட்டிவந்திருந்தாள். “மத்ததெல்லாம் வேண்டாம் டாக்டர். அது ஒண்ண மட்டும் அத்தைட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாள்.

“ஒங்க மருமவளுக்குக் குழந்தையில்லாத நோயின்னு எழுதியிருந்தோம். அது தப்பு. அடிச்சாச்சும்மா” என்றார் டாக்டர்.

அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். “அப்பம் எம் மருமவ மலடி இல்ல?”

“இல்லம்மா.”

“நீங்க எழுதினத நீங்க அடிச்சிட்டிய. நான் தெருவெல்லாம் சொன்னத எங்கன போயி அடிக்க?”

செல்விதான் பதில் சொன்னாள். “பையப் பைய அடிப்போம் அத்தை. நானும் கூட வருதேன். எந்திரிங்க, பஸ் போயிரும்.”

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தப்பான கோடை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம், ஒரு பெண்ணுக்கு ஒட்டின பேரைத் திருத்தத் தெருத் தெருவாக நடக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.