இறுக்கி மாட்டிய கிளாம்ப்

குடிநீர்க் குழாய் பழுது பார்ப்பவர்கள் மத்தியில் அவருக்கு 'இறுக்கி' என்று பெயர். அவர் முடுக்கிய போல்ட்டைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டுமாம். விரிசலை அடைக்கக் கிளாம்ப் என்கிற இரும்புப் பட்டையை மாட்டினாலும், அக்கம்பக்கம் ஒரு முழம் குழாயைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் மண்ணை மூடுவார். வேலையில் யாராவது குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது.

வீட்டில் மட்டும் கதை வேறு. அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரே வீட்டு வாசலில் குழாய் உடைந்துகொண்டே இருந்தது. அவரும் போய் அடைத்துவிட்டு வருவார். மாதம் திரும்புவதற்குள் மறுபடி தண்ணீர் பீறிடும். அந்த வீட்டுப் பெண் முதலில் ஜன்னலில் நின்று பார்த்தாள், அப்புறம் வாசலுக்கே வந்துவிட்டாள். கல்யாணத்தில் போய் முடிந்தது.

"என்னைப் பாக்கணும்னே லூசா மாட்டிட்டுப் போவாரு" என்று அவள் மகள்களிடமும் மருமகன்களிடமும் சொல்வாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக்கூட விட்டுவைத்ததில்லை. இறுக்கிக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அந்த ஜன்னல்காலத்துச் சிரிப்பு வரும். அதற்காகவே வாயைத் திறக்கமாட்டார். என்ன அருமையான நாட்கள் அவை.

உண்மையில் குழாய்க்கு அப்போதே வயதாகிவிட்டது. ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். புதுக் குழாய் போட நகராட்சிக்கு இப்போதுதான் மனசு வந்தது, அவர் ஓய்வு பெறப்போகிற நேரத்தில்.

பழைய குழாயைத் தோண்டித் தெருவோரம் போட்ட அன்று அவளும் வந்திருந்தாள். அந்த வீட்டில் இப்போது அவள் தம்பி குடும்பம். குழாய் நெடுகக் கிளாம்புகள். இன்ஜினியர் ஸ்பேனரால் அசைத்துப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணுகூட அசையலயே."

கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். இறுக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையோடு திரும்பினால், அவள் முகம் வாடியிருந்தது. குனிந்து ஒரு கிளாம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் இறுக்கமாத்தாங்க இருக்கு. அப்ப நான்தான் இத்தனை வருஷமா உளறிட்டு இருந்தேனா?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். இறுக்கி தொண்டையைச் செருமினார்.

"மாட்டினது இறுக்கம்தான். பக்கத்துல இத்துப்போயிருந்தது அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு. அதையும் சேத்து அடைச்சிட்டா அப்புறம் இந்தப் பக்கம் எனக்கென்ன வேலை? தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன்."

அத்தனையும் பொய். இன்ஜினியரின் ஸ்பேனர் அப்படியே நின்றது. "அடப்பாவி அண்ணே, உன் காதலுக்கு நாங்க குழி தோண்டினோமா?" என்றார் கூட்டாளி ஒருவர்.

அவள், தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லல?" என்றாள், அதே சிரிப்போடு.

இறுக்கிக்கு அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.