நடுங்கிய காரும் ஹனீபா நானாவும்

காலையில் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், யாரோ இறந்துவிட்டதாக வபாத் அறிவித்தல் வந்தது. "மோட்டர் பாஸ் ஹனீபா" என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. முதல் நாள் மாலைதான் என்னோடு பிளேன்டீ குடித்து, தன் கையாலேயே கராஜைப் பூட்டிவிட்டுப் போனவர். வேனுக்கு அடியிலேயே இன்னாலில்லாஹி சொன்னேன். 

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப்போவதில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அறியாதவர்களுக்காக இதையும் சொல்கிறேன். அவர் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு புத்தளம் வந்தவர். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். கற்பிட்டி வீதியில் இருவரும் பங்காளிகளாகப் பதினெட்டு வருடம் கராஜ் நடத்தினோம். தொழிலில் நாங்கள் சரிசமம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவர் மறுத்ததில்லை, சிரிப்பார், அவ்வளவுதான்.

மின்சாரக் கார்கள் வரத் தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் கார் திருத்தும் பாஸ்மார் பலர் கிட்டவே போகவில்லை. ஷொக் அடிக்கும் என்று பயம். நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஹனீபா கையுறை வாங்கினார், படித்தார், கேட்டார், பிறகு கை வைத்தார். "மோட்டர் மாறினாலும் சில்லு சில்லுதானே தம்பி" என்று சக்கரத்தைத் தட்டுவார். அவரால்தான் எங்கள் கராஜுக்குத் தூரத்து ஊரான முந்தலிலிருந்தும் கார்கள் வந்தன. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

மாம்புரிக் கிராமத்து ஸித்தீக்கின் கார் வந்தது அப்படி ஒரு நாளில். ஸித்தீக் தன் தோணியை விற்று, வாடகைக்கு ஓட்டவென்று அந்த மின்சாரக் காரை வாங்கியிருந்தான். சிறுநீரக வருத்தக்காரர்களை வாரத்தில் மூன்று நாள் மாம்புரியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் அவனுக்கு நிரந்தர ஓட்டம். இப்போது வேகம் எடுக்க மிதித்தால் கார் நடுங்கியது. காலை எடுத்தால் நடுக்கம் நின்றது. வேறோர் இடத்தில் மோட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு அவனிடம் வழியில்லை. காரை வந்த விலைக்குத் தள்ளிவிடும் முடிவோடுதான் எங்களிடம் வந்திருந்தான். தோணியும் போய், காரும் போகப் பார்த்தது.

நான் காரோடு கம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. சில்லுகளைக் கழற்றி பெலன்ஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. "மோட்டராத்தான் இருக்கும்" என்று நானும் சொன்னேன்.

ஹனீபா நானா ஸித்தீக்கைக் கூப்பிட்டு, "எப்ப நடுங்காது?" என்று கேட்டார்.

"விளங்கல்ல நானா."

"எப்ப நடுங்குதுன்டு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப நடுங்காம போகுதுன்டு சொல்லு."

ஸித்தீக் யோசித்தான். "ஆக்கள் நெறயா ஏறினா நடுக்கம் இல்ல நானா. அவங்க எனக்காகக் கேக்குற துஆவாக்கும்ன்டு நெனச்சேன். அவங்கள எறக்கிட்டு வெறுமையா வரக்குள்ளதான் ஒரே ஆட்டம்."

"துஆவும்தான். பாரமும் இருக்கே" என்றார் ஹனீபா நானா.

பக்கத்து உப்பு ஸ்டோரிலிருந்து நான்கு மூட்டைகளை இரவல் வாங்கி முன் சீற்றிலும் அதன் காலடியிலும் அடுக்கினார். ஓட்டிப் பார்த்தோம். எவ்வளவு மிதித்தும் நடுங்கவில்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு ஓட்டினோம். நடுங்கியது. உடனே அவர் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, டோர்ச் அடித்து மேலே பார்த்தார். ஸ்பிரிங்குக்கு மேலே தடித்த ரப்பர் வளையம் ஒன்று இருந்தது.

அந்த வளையத்தை வைத்தவன் நான்தான், அதுவரை அது என் நினைவுக்கே வரவில்லை. சில மாதங்களுக்கு முன்பு, ஹனீபா நானா மன்னாரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தபோது வைத்தேன். மாம்புரி மணல் பாதையில் அடி தட்டுகிறது, அடியில்தானே பெற்றரி இருக்கிறது என்று பயந்து ஸித்தீக் காரை ஒரு பொடியனிடம் கொடுத்தனுப்பியிருந்தான், அதனால் கை வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் எந்தக் காருக்கும் செய்வதுதானே என்று முன் சில்லுகள் இரண்டுக்கும் வளையம் போட்டு உயர்த்திக் கொடுத்தேன். கார் உயர்ந்ததால் மோட்டரிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டு அளவுக்கு மேல் சரிந்து நின்றது. மிதிக்கும்போதெல்லாம் அதன் உள்பக்க மூட்டு இழுபட்டுத் தேய்ந்து, அங்கிருந்துதான் நடுக்கம் வந்தது. பாரம் ஏறினால் கார் தாழும், தண்டு நேராகும், நடுக்கம் நிற்கும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி ஸித்தீக், இது எங்கட பிழை. மோட்டர்ல ஒன்டுமில்ல. நாங்களே சரியாக்கித் தாரோம்" என்றார்.

வளையங்களைக் கழற்றினோம். தேய்ந்த மூட்டைக் கழற்றிப் புதியது போட்டோம். "மணல்ல தடம் விழுந்த பள்ளத்துல சில்ல எறக்காத, மேட்டுல வெச்சு ஓட்டு. அடி தட்டாது" என்று சொல்லி அனுப்பினார். கார் தண்ணீரில் தோணி போல வழுக்கிக்கொண்டு போனது. அன்று அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு தேத்தண்ணிக் கடையில் கதை வேறு மாதிரி ஓடியது. "அந்த மன்னார் பாஸ் கை வெச்சுக் கெட்ட கார்" என்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஊர்க்காரனான என் பெயரை யாரும் இழுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவர் காதுக்கும் அது போனது. "கார் ஓடுதுதானே, விடுங்க" என்றார். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஜனாஸாவை அடக்கிய அன்று ஸித்தீக் அதே காரில் மாம்புரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மையவாடி வாசலில் என் கையைப் பிடித்து அழுதான். "செஞ்ச பிழைய மூஞ்சிக்கு நேரே ஒத்துக்கிட்ட மனிசன் அவர், நானா. எந்த பாஸ் அப்பிடிச் சொல்லுவான்?" என்றான்.

"அவர் செய்யல்ல தம்பி. நான் செஞ்சது" என்றேன். சொல்லி முடித்தபோது பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லது என்று நினைத்தேன். மறுநாள் தேத்தண்ணிக் கடையிலும் போய்ச் சொன்னேன். இங்கே எழுதியும் வைக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. எந்தக் கார் வந்தாலும், எப்போது நடுங்காது என்று முதலில் கேட்கிறேன். மற்றது, அந்த இரண்டு ரப்பர் வளையங்கள். இவ்வளவு காலமும் மேசை லாச்சியின் அடியில் ஒளித்து வைத்திருந்தவற்றை கராஜ் வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: போட்டது நான், கழற்றியது ஹனீபா நானா.