கண்ணாடிக்காரரின் காது

இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காதின் நுனியை மேலே இழுத்துப் பிடிக்கிறார். வாயை 'ஆ'வென்று திறக்கிறார். வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பொடி இயர்போனைத் துளையில் வைத்து, திருகாணி முடுக்குவதுபோல் அரைச் சுற்று திருகுகிறார். வாயை மூடுகிறார். கண்ணையும் மூடுகிறார். இன்னொரு காதுக்கும் இதே சடங்கு நடக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு கையை உயர்த்தி, வீட்டில் யாருமே பேசாதபோது, "ஷ்ஷ்ஷ்" என்கிறார்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவியின் கத்தி பாதியில் நிற்கிறது. காதை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட மனிதர் எதற்காகத் தன்னை வாயை மூடச் சொல்கிறார் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் புரியவில்லை. வெங்காயத்தை முன்னைவிடச் சத்தமாக நறுக்குகிறாள்.

அவர் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்பவர். உள்ளறையின் இருட்டில் வாடிக்கையாளர் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "முதல்ல போட்டது தெளிவா, இப்ப போட்டது தெளிவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. அந்தக் கேள்வி கடை மூடிய பிறகும் அவரை விடுவதில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத மனைவியின் காதில் ஒரு ஜோடியைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார்.

"முதல்ல போட்டதா, இப்ப போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணா? நல்லாக் கேளு. இதுல பாடறவ உன் மூக்குக்கு நேரா நிக்கறா. வயலின்காரர் இடது தோள்கிட்ட. டிரம்ஸ் பின்னால, சுவரோரமா. தெரியுதா?"

"அத்தனை பேருக்கும் டீ போடணுமா?"

அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கார் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி நாளைக் கழிப்பவள். பொறுமை முழுவதும் அங்கேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வரும்போது கையில் மீதி ஒன்றும் இருக்காது.

அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. பல ஊர்களில் இருக்கும் காதுப் பைத்தியங்கள் சேர்ந்து நடத்தும் போன் குழு. விலை உயர்ந்த இயர்போன்களை ஒருவருக்கொருவர் பார்சலில் அனுப்பி, வாரக்கணக்கில் கேட்டு, கேட்டதை எழுதுவார்கள். அதில் இவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். கடையில் ஒரு பிரேம் நன்றாக இருக்கிறதா என்று முதலாளி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கேயோ முகம் தெரியாத ஆட்கள், "வாத்தியார் என்ன சொல்றார்னு பாத்துட்டு வாங்கலாம்" என்று காத்திருந்தார்கள். அவரும் லேசில் சொல்லிவிட மாட்டார். 'அடியில் அதிரும் பேஸ் ஒலி வயிற்றில் இறங்குகிறது, ஆனால் தங்குவதில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, 'தங்குவதில்லை'யா 'நிற்பதில்லை'யா என்று மனைவியைக் கேட்பார். அவள் அஜீரணத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

சாப்பிடும்போது கடைக்கதை சொல்வார். அதில் அவருக்குப் பிடித்தது ஒரு ரகம். வெள்ளெழுத்து வந்தவர்கள். அவர்கள் குரலிலேயே இழுத்துப் பேசிக் காட்டுவார்: "இப்பல்லாம் பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிட்டான் சார். காசு மிச்சம் பண்றான்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். "கண்ணு போச்சுன்னு ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. பழி பூரா பேப்பர்காரன் மேல."

அவர் வாயில் 'மங்கல்' என்ற சொல் எப்போது புகுந்தது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. புகுந்த பிறகு வேறு சொல்லே வரவில்லை. வரும் பார்சலெல்லாம் மங்கல். "போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு" என்பார். "மேல் சுருதியே காணோம். இப்பல்லாம் எவனும் காதை வெச்சுச் செய்யறதில்ல." இருப்பதை விற்று இன்னும் கூர்மையான ஒன்றை வாங்குவார். அதுவும் மங்கலாகும். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தச் சொல்லே குமட்டியது.

அதோடு சேர்ந்து இன்னொரு தலைவலி. "கொடியில இருந்து சட்டைய எடுத்துட்டு வாங்க" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "காசு எடுத்துக்கிட்டீங்களா?" என்றால், "காதுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு" என்பார். அவருடைய புத்தி எந்நேரமும் பாட்டிலேயே கிடக்கிறது என்றுதான் அவள் எரிந்து விழுந்தாள். வேறு எதையும் நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்போது குழுவில் எல்லோரும் ஏங்கிக் கிடந்த ஓர் உயர்ந்த இயர்போன் செட் சுற்றுக்கு வந்தது. வாத்தியார் கேட்டு எழுதியது ஒரே வரி: 'மேலே ஒன்றுமே இல்லை, மங்கல்.' பதில்கள் குவிந்தன. "வாத்தியாரே, டிரம்ஸ் சிம்பல் தட்டு ஊசி மாதிரி காதைக் குத்துது. இதையா மங்கல்ங்கறீங்க?" ஒருவன் தூங்கி வழியும் குரங்கின் படத்தைப் போட்டான். அவர் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். "பசங்களுக்குக் காதே கிடையாது" என்றார். அவள் ஆறிப்போன சாப்பாட்டை மூடி வைத்தாள். யாரோ முகம் தெரியாதவன் போட்ட குரங்குக்காகத் தன் சமையல் பட்டினி கிடப்பதை நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் டிரைவிங் ஸ்கூல் பின்புற மைதானத்தில் ரிவர்ஸ் பாடம். ஓட்டியது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். அந்தக் காரில் ரிவர்ஸ் கியர் விழுந்தால் பின்னாலிருந்து ஓர் அலாரம் கீச்கீச்சென்று அலறும். தெருமுனை வரைக்கும் கேட்கும். பக்கத்துக் கட்டடத்து ஜன்னல்கள் இதற்காகவே சாத்தியிருக்கும். கார் பின்னால் நகர்ந்தது. கண்ணாடியில் அவளுக்கு ஒரு சட்டை தெரிந்தது. அன்று காலை அவளே தேய்த்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு, காரின் பாதையில், அசையாமல் நின்றது.

காலடிப் பிரேக்கை மிதித்த வேகத்தில் வங்கிப் பெண் ஸ்டியரிங்கில் போய் மோதிக் கத்தினாள். பம்பர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள். "அந்தக் கருமத்தை முதல்ல கழட்டுங்க!" என்று அவர் காதைப் பிடுங்கப் போனாள். விரலில் வெறும் காதுதான் அகப்பட்டது. அந்தப் பக்கக் காதையும் திருப்பிப் பார்த்தாள். அதுவும் காலி.

அவர் சிரித்தபடி திரும்பினார். "வீட்டுச் சாவியை மறந்துட்டுப் போயிட்ட. வெளிய நிக்கப் போறியேன்னு கொண்டாந்தேன்."

"ரிவர்ஸ் சத்தம் கேக்கல உங்களுக்கு?"

"எந்தச் சத்தம்?"

வங்கிப் பெண் கியரை இன்னும் எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே அலாரம் அலறிக்கொண்டுதான் இருந்தது. சைக்கிளில் போன ஒருவர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு போனார். அவள் திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடி, சாவியை வாங்கிக்கொண்டாள். அத்தனை கோபத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. "ரோட்டைப் பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் மைதானத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க கார் அலாரம் மட்டமான சரக்கு. இப்பல்லாம் எவன் நல்ல ஸ்பீக்கர் வெக்கறான்? எல்லாம் மங்கல்."

அவளுக்குச் சுருக்கென்றது. சண்டை போட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு குரல். அவர் செய்துகாட்டும் அதே இழுப்பு.

"இப்பல்லாம் பேப்பர்காரன் எழுத்தைச் சின்னதாக்கிட்டான் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரவல் வந்த அந்த உயர்ந்த செட் மேசையில் கிடந்தது. அதன் ஒயரை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு பெட்டிக்குள் வைத்து மூடினார். அன்று வீட்டில் 'ஷ்ஷ்ஷ்' கிடையாது. அவள் பாத்திரங்களை வேண்டுமென்றே டமால் டமாலென்று வைத்துப் பார்த்தாள்.

காதைச் சோதிக்க வருவாரா என்றால், அதற்கும் ஆயிரம் சாக்கு. அழுக்கு அடைத்திருக்கிறது என்றார். எண்ணெய் விட்டுக்கொண்டு தலையணையைப் பாழாக்கினார். சளி என்றார். கடையில் ஆளில்லை என்றார். "நாளைக்கு வரலேன்னா உங்க டப்பா அத்தனையையும் பக்கெட் தண்ணில ஊற வெப்பேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார்.

அங்கேயும் நிம்மதியாக இருந்தாரா? சோதனை செய்யும் பெண் ஹெட்போனை நீட்டினால், கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "குஷன் தேஞ்சிருக்கே. காதோட சரியா ஒட்டாது."

"சார், சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க. அவ்வளவுதான்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பஞ்சடைத்த சின்ன அறைக்குள், அவர் கண்ணை மூடி உட்கார்ந்தார். வீட்டில் கேட்கும்போது இருக்கும் அதே முகம். கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக இருந்தது. இந்தப் பக்கம் சோதிக்கும் பெண் ஒவ்வொரு ஒலியாக அனுப்ப, ஒவ்வொரு முறையும் சின்ன விளக்கு எரிந்தது. முதலில் கட்டைவிரல் உடனுக்குடன் அழுந்தியது. ஒலியின் சுருதி மேலே போகப் போக, விளக்கு எரிந்தது, அணைந்தது, விரல் அசையவில்லை. மறுபடி எரிந்தது. அசையவில்லை. அவர் மட்டும் வெகு கவனமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து உள்ளே போய் அவருக்காகத் தானே அந்தப் பட்டனை அழுத்திவிடலாமா என்று அவளுக்கு இருந்தது.

வெளியே வந்ததும் வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இயர்போன்களுக்கு இப்படிக் கோடு வரைந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம்தான். பாதி வரைக்கும் ஒழுங்காக வந்த கோடு, அதன்பின் படிக்கட்டில் உருண்டதுபோல் கீழே போயிருந்தது. இரண்டு காதிலும்.

வெகுநேரம் பார்த்தார். "இந்த செட்டை நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்" என்றார்.

சோதித்த பெண் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. வரைபடத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இரவல் செட்டை உரியவருக்குத் திருப்பி அனுப்பினார். 'அதன்மேல் தப்பில்லை, கோளாறு என் காதில்' என்று குழுவில் எழுதினார். குரங்குப் படம் போட்டவன் உட்பட ஒருவரும் கேலி செய்யவில்லை. ஒருவர் மட்டும், "எந்தக் காதுக் கருவி வாங்கப் போறீங்க வாத்தியாரே? கேட்டுட்டு எழுதுங்க" என்று பதில் போட்டார். அதைப் பார்த்ததும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். நினைத்தது அப்படியே நடந்தது. காது கேட்கும் கருவி பொருத்தப் போன இடத்தில் ஒரு காலைப்பொழுதையே விழுங்கினார். இது கூர்மை, ஆனால் தகரம். அது மென்மை, ஆனால் பாடகி ஓர் அடி பின்னால் போய்விட்டாள். கருவி பொருத்தும் பொறுமைசாலிப் பெண்ணே கடைசியில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். "எதையாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்" என்று மனைவி பல்லைக் கடித்த பிறகு, இரண்டாவதாகப் போட்டதைக் காட்டி, அதைக் காதிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவளுக்குச் சொந்தத்தில் கார் கிடையாது. வங்கிப் பெண்ணுக்குப் பாடம் எடுக்க நேரமாகிவிட்டது. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸோ எப்போதாவதுதான் வரும். அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஏதோ நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கருவியைப் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் கவரை அவர் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். விரித்தார். மெதுவாக மறுபடி கசக்கினார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் ஓரத்தை மட்டும் தேய்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சற்று விலகி நின்றார்கள்.

"ஏங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. விழுந்தும் இருக்கலாம்.

பஸ் வந்து நின்றது. நடத்துநர் படியில் தொங்கியபடி, "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார். அவள் கைப்பிடியில் ஒரு கையை வைத்துவிட்டாள். திரும்பி அவரைப் பார்த்தாள். கவர் இன்னும் கசங்கிக்கொண்டிருந்தது.

கைப்பிடியை விட்டு விலகி, "நீங்க போங்க" என்று கையை ஆட்டி பஸ்ஸை அனுப்பினாள்.