முழங்காலில் இருந்த சில்லு

என் வேலை என்னவென்று வீட்டில் விளக்கியதுதான் தப்பு. "ஒரு தகட்டைத் துப்பாக்கியில போட்டு இன்னொரு தகட்டு மேல சுடுவோம்ப்பா. அடி விழுந்ததும் உள்ள இருக்குற படிகமெல்லாம் என்ன ஆவுதுன்னு பாப்போம்" என்றேன். அப்பாவின் காதில் துப்பாக்கி மட்டும்தான் விழுந்தது.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, வியட்நாமில் சைகோன் பக்கம் சண்டைக்குப் போனவர். காரைக்காலுக்குத் திரும்பும்போது பென்ஷனோடு முழங்காலில் ஒரு குண்டுச் சில்லும் வந்தது. பின்னால் டாக்டர் சில்லை எடுத்துவிட்டார், வலி போகவில்லை. சில்லை அப்பா ஒரு பெப்பர்மிண்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்தச் சண்டையைப் பற்றி மட்டும் அப்பா வாயே திறக்கமாட்டார்.

"வெடி வேலைக்கு எம்பொண்ணு போவ வேணாம். போயி சாமானையெல்லாம் கட்டிக்கிட்டு வந்துடு" என்றார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மா சொல்லிப் பார்த்தாள், நான் பேசாமல் இருந்து பார்த்தேன், அப்பா நகரவில்லை. கிளம்பும்போது, "அந்தச் சில்லையாவது குடுங்க, கடைசியா அதை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துட்டு வர்றேன்" என்று வெடுக்கென்று கேட்டேன். தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பெப்பர்மிண்ட் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் அதன் ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து, அமிலம் தொட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். மணி மணியாகப் படிகங்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் நேர்நேராக மெல்லிய கோடுகள். மெதுவாக அழுத்தினால் இரும்பு வளைந்து கொடுக்கும். திடீர் அடிக்கு அதற்கு அவகாசம் இல்லை. படிகம் பட்டை பட்டையாகத் திசை திரும்பிவிடும். அந்தத் தழும்பு பிறகு போகாது. எத்தனையோ தடவை பார்த்த கோடுகள்தான். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

பொங்கலுக்குச் சாமான்களையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, நுண்ணோக்கியில் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டி, அந்தக் கோடுகள்தான் அடி விழுந்த தழும்பு என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்த அடி எவ்வளவு நேரம் விழுந்திருக்கும்?"

"கண் சிமிட்டுற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குதான்ப்பா."

"அவ்வளவுதானா? அதுக்கா இருவது வருசமா குத்துது?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த நாளைப் பற்றிப் பேசினார். "பக்கத்துல நம்ம குரும்பகரத்துப் பையன் ஒருத்தன் நின்னான். அவன் திரும்பிக்கூடப் பாக்கல, அதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் பெட்டியைத் திறக்கப் போனாள்.

"அதைப் பிரிக்காத" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "சுடுறப்ப மட்டும் தள்ளி நில்லு, பாப்பா" என்றார்.