தாங்கக்கூடிய சூடு

ஏசி பழுதுபார்க்கிறவர்களுக்குக் கோடை வந்தால் கொண்டாட்டம் என்று ஊர் நினைக்கிறது. ஏணியும் ஸ்பேனருமாக மாடி மாடியாக ஏறி இறங்கும் அவளிடம், வெயில் ஏறினால் உனக்குத்தானே நல்லது, நீ எதற்கு அரசாங்கத்தின் மேல் கேஸ் போட்டாய் என்று கேட்காதவர் இல்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் புளித்துவிட்டது. 'வாய்தா' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் பதினேழு வாய்தா பார்த்தவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

வழக்குப் போட்டபோது அவளுக்கு வயது பதினைந்து. கட்டட வேலைக்குப் போன அம்மா, ஒரு நண்பகலில் தலையில் செங்கல்லோடு சுருண்டு விழுந்தாள். மருத்துவமனை போய்ச் சேரும்முன் உயிர் போய்விட்டது. வருடா வருடம் வெயில் ஏறுவது தெரிந்தும் நிலக்கரிக்கு அனுமதி மேல் அனுமதி கொடுக்கிறார்களே என்று, இன்னும் நான்கு பிள்ளைகளோடு சேர்ந்து அவள் கோர்ட்டுக்குப் போனாள். மைனர் என்பதால் அப்பா கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தின் பதில் மனுவில் ஒரு வரி இருந்தது: 'அன்றைய வெப்பம் மனிதர் தாங்கக்கூடிய அளவிலேயே இருந்தது.' அந்த வரியை அவள் மறப்பாளா? தாங்காமல் செத்தது அவளைப் பெற்றவள்.

இன்று வெள்ளிக்கிழமை. திங்களன்று புதிய அனல்மின் நிலையத்துக்கு அனுமதி கொடுக்கப்போகிறார்கள். இன்றே விசாரித்துத் தடை போட்டால் உண்டு. பதினெட்டாவது வாய்தா விழுந்தால், அப்புறம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

விசாரணை தொடங்கிக் கால் மணி நேரத்தில், கோர்ட் அறையின் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. வராந்தாவில் இருந்த அவுட்டோர் யூனிட் முனகிய முனகலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கெபாசிட்டர் போயிருக்கிறது. பத்து நிமிட வேலை, கையோடு கொண்டுவந்திருந்த வேலைப் பையில் புதிதாக ஒன்று இருக்கவும் செய்தது. இவர்களும் கொஞ்சம் வேகட்டும் என்று அவள் அசையவில்லை.

ஜன்னல்கள் திறக்க முடியாதபடி ஆணி அடித்தவை. அறை அடுப்பாகியது. கறுப்பு அங்கிக்குள் அரசாங்க வக்கீலுக்கு வியர்வை ஆறாக ஓடியது. கழுத்துப்பட்டையைத் தளர்த்திப் பார்த்தார், கேஸ் கட்டால் விசிறிப் பார்த்தார், கடைசியில் எழுந்தார்.

"ஐயா, வேற தேதி கொடுங்க. இது மனுஷன் தாங்குற சூடா? எனக்கு மயக்கமே வருது."

நீதிபதியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேதி நோட்டைத் திறந்தார். அவள் எழுந்துவிட்டாள். அவள் தரப்பு வக்கீலே அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

"ஐயா, சார் இப்ப சொன்னதை அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க. இதைவிட அதிகமான சூட்டுலதான் எங்கம்மா செங்கல் சுமந்தாங்க. அதைத் தாங்கலாம்னு எழுதிக் கொடுத்தது இவங்கதான்."

அரசாங்க வக்கீல் உட்கார்ந்தார். நீதிபதி பதில் மனுவைப் புரட்டி அந்த வரியைத் தேடிப் படித்தார். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"எழுதியாச்சும்மா. ஆனா இந்த அறையில உட்கார்ந்து எப்படி விசாரிக்கிறது?"

அவள் ஏற்கெனவே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் கொடுங்கய்யா, சரிபண்ணித் தரேன். வாய்தா மட்டும் கொடுக்காதீங்க."