அடைத்த அறைக்குள் வந்த கிரகணம்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கம்பம் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், தகரக் கூரை போடுவது தொழில். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால், சூரியனை ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா பட்டறைக்கு வந்தபோது நான் வேலையை மட்டும் பார்த்தேன். பேச்செல்லாம் அவருடையது.

மறுநாள் காலையில் சூரிய கிரகணம். எங்கள் தெருவை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கி வைத்து ஊருக்குக் காட்ட வந்திருந்தார். ஜீப்பில் வந்த குலுக்கலில் தொலைநோக்கியை நிறுத்தும் தாங்கியின் கால் ஒன்று முறிந்துவிட்டது. நான் பற்றவைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்கச் சூரியனில் வரும் கரும்புள்ளிகளைத்தான் ஆராய்ந்தாராம். ஆனால் சூரியனைப் பார்த்ததைவிடக் கம்ப்யூட்டரைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்றார். ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகப் போய்க் காட்டுகிறார். போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் ஜாதகத்தை நீட்டுகிறாராம். "பாத்துச் சொல்லிரலாமான்னு இருக்கு தம்பி. கூட்டமாவது வரும்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் வீட்டில் இருந்தாள். எட்டு மாதம். கிரகணம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று என் மனைவி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், மகள் படுக்கும் அறையை நானே அடைத்தேன். அவளுக்காகவே புதிதாக எடுத்த அறை அது. ஜன்னலுக்குத் தார்ப்பாய், கதவிடுக்குக்குச் சாக்கு, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் பழைய துணி. கையை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு.

காலையில், பற்றவைத்த கால் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள மைதானத்துக்கு வரும்படி அந்த அம்மா கேட்டிருந்தார். போனேன். கிரகணம் தொடங்கியும் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. தொலைநோக்கியைச் சுற்றி ஏழெட்டுப் பேர்தான் நின்றார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. தாங்கியின் காலைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போதுதான் மனைவி போன் செய்தாள். அவள் குரலே வேறாக இருந்தது. "ஏங்க, உள்ள வந்துருச்சு. புள்ள வயித்து மேலயே விழுந்து கிடக்கு."

ஓடினேன். பாம்பு என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே அந்த அம்மாவும், தொலைநோக்கியை அங்கிருந்தவர்களிடம் விட்டுவிட்டு, மூச்சு வாங்க வந்தார்.

அறைக்குள் மகள் கட்டிலில் மல்லாந்து அசையாமல் கிடந்தாள். அவள் வயிற்றின் மேல், சேலையில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சம். வட்டமாக இல்லை. நகத்தை வெட்டிப் போட்டது மாதிரி வளைந்து மெலிந்த பிறை. மகள் மூச்சு விட்டபோது அதுவும் ஏறி இறங்கியது. எதை வரவிடக் கூடாது என்று அத்தனை இடுக்கையும் அடைத்தேனோ, அதுவே அச்சாக வந்து என் மகள் மேல் உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகரம் நான் ஒரு பழைய ஷெட்டைப் பிரித்தபோது கிடைத்தது. அதில் ஆணி பிய்த்த ஓட்டை ஒன்று. ஜன்னல் திறந்திருந்த நாளில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

"கிரகணம் உள்ள வரலம்மா. சூரியனோட படம் இது. நீங்க இருட்டாக்குனதால தெரியுது" என்றார். ஓட்டை வட்டமா என்று என்னிடம் கேட்டார். இல்லை, பிய்ந்து முக்கோணமாகக் கிடந்தது. அப்படியானால் உங்கள் ஷெட்டுகளில் தரையில் விழும் வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது என்றார். எத்தனை கூரை போட்டிருப்பேன். தரையில் விழுந்த ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டையின் வெளிச்சம் என்று மிதித்துப் போயிருக்கிறேன்.

மகளுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. "எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆகாது."

"படிச்சவுக அப்படித்தான் சொல்லுவீக. உங்களுக்குன்னா வெளிய வந்திருப்பீகளா?"

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வரல தாயி" என்றார். "எம் பையன் வயித்துல இருந்தப்ப ஒரு கிரகணம். என்கூட வேலை பாத்தவங்க எல்லாம் அதைப் படமெடுக்கப் போயிட்டாங்க. போகாதேன்னு எங்க வீட்டுல ஒருத்தரும் சொல்லல. நானாத்தான் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்தேன். அதுல ஒண்ணுமில்லன்னு எழுதுனவளே நான்தான்."

எனக்கு அந்தப் பிறையைப் பார்த்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. என் மனைவி வாய் பிளந்து நின்றாள்.

"அப்ப ஏன் உக்காந்தீக?" என்றாள் மகள்.

"பயம். ஒரு திரை இடுக்கு வழியா இதே மாதிரி வந்து என் மேலயும் விழுந்துச்சு. அப்புறம் அழுகையும் சிரிப்புமா முழுக்கப் பாத்துட்டேன். அவனுக்கு இப்ப தாடி இருக்கு. உதடு நல்லாத்தான் இருக்கு, பேசத்தான் காசு கேப்பான்."

மகள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்ததில் வயிறு குலுங்கி, பிறையும் குலுங்கியது. அவளாகவே உள்ளங்கையை விரித்து அதற்கடியில் நீட்டினாள். என் மனைவி ஒரு அடி முன்னால் வந்து, தடுக்காமல் நின்றுவிட்டாள். அது மகளின் கையில் மெல்ல மெல்லப் பருத்து வட்டமாகும்வரை நாங்கள் நால்வரும் அந்த இருட்டிலேயே இருந்தோம்.

வெளியே வந்ததும் என் மனைவி மகளுக்குத் தலைக்கு ஊற்றினாள். பிறகு அந்த அம்மாவிடமும், குளித்தால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் துண்டை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது, நானும் மனைவியும் மகளும் வேறெங்கும் பார்க்காமல் உதட்டைத்தான் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கொட்டாவி விட்டாள்.